நாற்பதும் நூறும்

மும்பையின் கோவண்டி ஸ்டேஷனைச் சுற்றியுள்ள மெடிக்கல் கடைகளில் இன்சுலின் சிரிஞ்ச் இரண்டு நிற மூடிகளில் கிடைக்கும். சிவப்பு மூடி யூ-40. ஆரஞ்சு மூடி யூ-100. முதலாவதில் உள்ள கோடுகள், ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் இன்சுலின் உள்ள குப்பிக்குப் போட்டவை. இரண்டாவதின் கோடுகள், அதே ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் உள்ள மருந்துக்கு. மூடியைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டால் எது எது என்று சட்டெனச் சொல்ல முடியாது. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 'ஒரு யூனிட்' கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது இரண்டரை யூனிட். தேவ்நாரிலோ செம்பூரிலோ பூனைக்கு இன்சுலின் தொடங்குகிற எவரும் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய கணக்கு இது. நான்கு கிலோ பூனைக்குக் கால்நடை மருத்துவர் எழுதித்தரும் தொடக்க அளவே பெரும்பாலும் ஒரு யூனிட்தான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

யூ-40 குப்பியிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட் என்பது 0.025 மில்லிலிட்டர், அதாவது அரைச் சொட்டு. யூ-100 என்றால் சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. சிரிஞ்சுக்குள் ஒரு சிறு காற்றுக்குமிழ் நின்றால் போதும், பூனைக்குப் போக வேண்டிய மருந்தில் பாதி போகாது.

இப்போது ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். தேவ்நார் மாநகராட்சிக் காலனி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, அங்கிருந்து இங்கே குடியேறிய குடும்பம். வீட்டு ஆச்சிக்கு இருபது வருடமாகச் சுகர். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைகளுக்குப் பக்கத்தில் அவருடைய இன்சுலின் குப்பி, டிவிக்கு மேலே மீட்டர், டப்பாவில் மாத்திரைகள். பன்னிரண்டு வயதுக் கடுவன் பூனைக்கும் இப்போது சுகர் என்று தெரிய வந்திருக்கிறது. பேரன் வந்து சொல்கிறான். ஆச்சி அசரவில்லை.

"அதுக்கு என்னத்துக்குய்யா புதுசா வாங்கணும்? எங்கிட்டதான் இருக்குல்லா. அதுலயே ரெண்டு சொட்டு எடுத்துப் போட்டு விடு."

ஆச்சி சொல்வதில் பாதி சரி. வியாதி ஏறக்குறைய ஒன்றுதான். குப்பி, சிரிஞ்ச், மீட்டர், மாத்திரை, சாப்பாடு என்று மனிதருக்காகச் செய்த ஒவ்வொன்றும் பூனையிடம் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

வியாதி ஒன்றுதான் என்பதற்குக் கணையத்திலேயே சாட்சி இருக்கிறது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் கூடவே அமைலின் என்ற சிறு புரதத்தையும் சுரக்கின்றன. மனிதரிலும் பூனையிலும் இந்தப் புரதத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அளவு மிஞ்சினால் நூல் நூலாக ஒட்டி, அமிலாய்டு என்ற படிவாகக் கணையத் திட்டுகளில் சேர்ந்துவிடும். செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். 1987-ல் சுவீடனின் பெர் வெஸ்டர்மார்க்கும் கூட்டாளிகளும் இந்தப் படிவு எதனால் ஆனது என்று கண்டறிந்தபோது, அவர்கள் ஆராய்ந்த திசுக்களில் ஒன்று மனிதருடைய கணையக் கட்டி, மற்றொன்று சுகர் வந்த பூனையின் கணையம். மனித நீரிழிவைப் பற்றிய ஒரு முக்கியமான அறிவு பூனையின் வயிற்றிலிருந்தும் வந்தது என்பதைப் பாடப்புத்தகங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. தேவ்நார் குப்பைமேட்டில் கொழுத்துத் திரியும் எலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதன் அமைலினில் முக்கியமான இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருப்பதால் நூல் கோக்காது. நாய்க்கும் சுகர் வரும். ஆனால் அது பெரும்பாலும் இன்சுலின் அடியோடு வற்றிப்போகும் வகை. ஆச்சிக்கு வந்தது போன்ற இரண்டாம் வகைச் சுகர், வீட்டு விலங்குகளில் பூனைக்குத்தான் வருகிறது.

வரும் வழியும் அதேதான். கடுவன், கருத்தடை செய்தது, நடுவயது தாண்டியது, பருமனானது, நாளெல்லாம் நான்கு சுவருக்குள் இருப்பது. கருத்தடைக்குப் பிறகு உடலுக்குத் தேவையான கலோரி கால்பங்கு குறைகிறது, தட்டில் விழுவது குறைவதில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பூனைகளை வேண்டுமட்டும் தின்னவிட்டுப் பார்த்தார்கள். எடை நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறியபோது, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும் திறன் பாதியாகிவிட்டது. தோல் அரிப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் மாதக்கணக்கில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் இன்னொரு வழி. பிரிட்டனில் எடுத்த கணக்குகளில் ஏறக்குறைய இருநூறு பூனைக்கு ஒன்று என்று வருகிறது.

வீட்டில் முதலில் தெரிவது தண்ணீர்க் கிண்ணம். ஒரு வேளைக்கு ஒருமுறை நிரப்பியது மூன்று முறை நிரப்ப வேண்டியிருக்கும். மணல் தட்டில் கட்டிகள் பெரிதாகும். தட்டுக்கு வெளியே, பால்கனி ஓரத்தில் பெய்துவிட்டால் அந்த இடத்துக்கு எறும்பு வரும். முன்னைவிட அதிகமாகத் தின்னும், ஆனால் முதுகெலும்பு தட்டுப்படத் தொடங்கும். சில பூனைகள் பின்னங்காலின் விரல்களில் நடப்பதை விட்டுக் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும். சர்க்கரை நரம்பைத் தின்றதன் அடையாளம். அலமாரி மேல் ஒரே தாவலில் ஏறியது, ஸ்டூலைப் பார்த்து யோசிக்கும். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவது இங்கேதான்.

சந்தேகம் வந்ததும் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். தேவ்நாரிலிருந்து பரேலில் உள்ள பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனைக்குப் போவது ஒரு வழி. அதே பரேலில் 1886-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2024-ல் மகாலக்ஷ்மியில் டாடா டிரஸ்ட்ஸ் திறந்த புதிய மருத்துவமனையும் உண்டு. எங்கே போனாலும் ஆட்டோ சயானோடு நின்றுவிடும், தீவு நகரத்துக்குள் அதற்கு அனுமதி இல்லை. அங்கே இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். அதற்குள் காட்கோபர்-மான்கூர்ட் இணைப்புச் சாலையில் குப்பை லாரிகளின் ஹாரன், கூடைக்குள் பூனையின் ஓலம், காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலியில் ஒரு லாப்ரடார். கடைசியில் மேஜைமேல் வைத்து இரத்தம் எடுத்தால் மீட்டர் 290 காட்டுகிறது. சுகரா?

சொல்ல முடியாது. சுகரே இல்லாத பூனைக்கும் பயத்தில் சர்க்கரை அந்த அளவுக்கு ஏறும். 2002-ல் வெளியான ஓர் ஆய்வில் கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஜாக்கி ராண்டின் குழு, நலமான பூனைகளை ஐந்து நிமிடம் குளிப்பாட்டிவிட்டுச் சர்க்கரையை அளந்தது. பூனை வளர்த்தவர்கள் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இரத்தச் சர்க்கரை எகிறியது, கூடவே லாக்டேட்டும் நார்அட்ரினலினும் எகிறின. எவ்வளவு திமிறியதோ அவ்வளவு ஏற்றம். கல்லீரல் தன் கையிருப்பைத் திறந்துவிடுகிறது. இறங்க ஒன்றிரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே மருத்துவமனையில் பார்த்த ஒற்றை எண்ணை வைத்து இன்சுலினைத் தொடங்கக் கூடாது, இருக்கும் அளவைக் கூட்டவும் கூடாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பூனையின் சிறுநீரகம் சர்க்கரையை வெளியே விடத் தொடங்கும் வரம்பு மனிதரைவிட உயரம். நமக்கு 180 என்றால் அதற்கு 250-ஐ ஒட்டியோ தாண்டியோ. இன்னும் உறுதியான வழி ஃப்ரக்டோசமைன் சோதனை. இரத்தப் புரதங்களில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளப்பதால் கடந்த ஒன்றிரண்டு வாரத்தின் சராசரியைச் சொல்லும். காலையில் நடந்த டாக்ஸிப் பயணம் அதில் பதியாது.

சுகர் உறுதியாகிவிட்டது. இனி ஆச்சியின் குப்பிக்கு வருவோம்.

தேவ்நார் என்றதும் மும்பைக்காரர்களுக்கு நினைவு வருவது இரண்டு: 1927-லிருந்து குப்பை கொட்டும் மேடு, 1971-ல் திறந்த மாநகராட்சி இறைச்சிக்கூடம். பக்ரீத் சமயத்தில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் லாரி லாரியாக ஆடுகள் இறங்குவது இந்த வளாகத்தில்தான். இன்சுலினின் பிறந்த வீடும் இப்படிப்பட்ட ஓர் இடமே. 1921-ன் கடைசியில் டொரன்டோவில் ஃப்ரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்க் கணையம் போதாமல் இறைச்சிக்கூடத்துக்குப் போனார்கள். முதலில் பிறவாத கன்றுகளின் கணையம், பிறகு வளர்ந்த மாட்டினுடையது. 1922 ஜனவரி 11-ல் லியோனார்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்டது மாட்டுக் கணையத்தின் சாறு. அது சரியாகச் சுத்தமாகவில்லை, போட்ட இடத்தில் சீழ் கட்டியது. அவர்கள் குழுவின் ஜேம்ஸ் காலிப் அதைச் சுத்திகரித்துத் தந்து ஜனவரி 23-ல் மறுபடி போட்டபோதுதான் சர்க்கரை நன்றாக இறங்கியது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உலகத்தின் இன்சுலின் பெரும்பாலும் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் வந்தது. இரண்டு டன் பன்றிக் கணையத்திலிருந்து கிடைத்தது ஏறக்குறைய 225 கிராம் தூய இன்சுலின்.

அந்தக் காலத்துப் பூனைக்கு அது யோகம். ஃப்ரெடரிக் சாங்கர் 1950-களில் மாட்டு இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும் வரிசையாக எழுதிக் காட்டினார். 1958-ல் நோபல் பரிசு வந்தது. பிறகு மற்ற விலங்குகளுடையதையும் எழுதி ஒப்பிட்டார்கள். பூனைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் அமினோ அமிலம். பூனைக்கும் பன்றிக்கும் மூன்று. பூனைக்கும் மனிதருக்கும் நான்கு. ஆச்சியின் இன்சுலின் இன்று இறைச்சிக்கூடத்திலிருந்து வருவதில்லை. 1978-ல் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலினைச் செய்தார்கள், 1982-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2003-ல் வொக்கார்ட்டும் 2004-ல் பயோகானும் தாங்களே செய்யத் தொடங்கின. ஆக, பூனைக்கு மிக நெருங்கிய இன்சுலின் தேவ்நார் இறைச்சிக்கூடத்து மிருகங்களிடம் இருந்தது, இப்போது மெடிக்கலில் கிடைப்பதோ நான்கு எழுத்து தள்ளி நிற்பது.

இங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. உறவு நெருக்கம் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மனித இன்சுலினைப் பூனையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. எதிர்ப்பொருள் உண்டாகிச் சிகிச்சை கெட்டுப்போவது அபூர்வம். காரியத்தைத் தீர்மானிப்பது அந்த ஒரு யூனிட் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான். ஆச்சியின் குப்பி 30/70 கலவை என்று வைத்துக்கொள்வோம்: முப்பது பங்கு உடனே வேலை செய்யும் இன்சுலின், எழுபது பங்கு நடுத்தர வேக என்.பி.எச். இரண்டு இட்லியும் சட்னியும் தின்றபின் ஏறும் அலையை அடக்க அந்த முப்பது வேண்டும். பூனை அப்படித் தின்பதில்லை. விட்டால் ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை ஒரு வாய், ஒரு வாயாகக் கொறிக்கும். அதற்கு அலை இல்லை. வேக இன்சுலின் போட்டால் சர்க்கரை படீரென்று விழும். என்.பி.எச். பங்கோ பூனையின் உடலில் சீக்கிரம் தீர்ந்துபோய், பன்னிரண்டு மணி நேரத்தின் பின்பாதியில் சர்க்கரை மறுபடி ஏறிவிடும். 'ரெண்டு சொட்டு போட்டு விடு' என்பது சரிவராததற்கு முதல் காரணம் இது. இரண்டாவது, ஆச்சியின் குப்பியில் இரண்டு சொட்டு என்றால் நான்கு யூனிட்.

பூனைக்கென்று வந்த மருந்துகளில் புரோட்டமின் துத்தநாக வகை ஒன்று. மீன் விந்துவிலிருந்து எடுத்த புரோட்டமினை இன்சுலினோடு கட்டி மெல்ல அவிழவிடும் 1930-களின் உத்தி. அந்த வகையில் புரோசிங்க் என்ற மருந்தைப் பூனைக்கென்று அமெரிக்கா 2009-ல் அனுமதித்தது. மனிதருக்கான மருந்துகளில் பூனை மருத்துவர்கள் அதிகம் எழுதுவது கிளார்கின். குப்பிக்குள் அது அமிலக் கரைசல், தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் அமிலத்தன்மை போய், நுண்படிகங்களாக உறைந்து, அங்கிருந்து மணிக்கணக்கில் கரையும். அதனால்தான் கிளார்கினில் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யக் கூடாது, வேறு இன்சுலினோடு கலக்கக் கூடாது. படிகமாகிற வித்தையே கெட்டுவிடும்.

கிளார்கின் பெரும்பாலும் யூ-100 மருந்தாகவே வரும். அப்படியானால் ஆரஞ்சு மூடி. ஆச்சியின் குப்பியோ யூ-40, அவருடைய சிரிஞ்சுகள் சிவப்பு மூடி. இரண்டும் ஒரே ஃப்ரிட்ஜில், ஒரே டப்பாவில். மேற்கு நாடுகளில் மனிதர்களுக்கு யூ-40 வழக்கொழிந்து பல்லாண்டாகிறது; அங்கே யூ-40 சிரிஞ்ச் என்றாலே நாய்க்கோ பூனைக்கோ என்று அர்த்தம். இங்கே இன்னும் லட்சக்கணக்கான கைகளில் இருப்பது யூ-40 குப்பி. இதனால் வெளிநாட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு 'பூனைக்கென்றால் நாற்பது' என்று முடிவு செய்கிறவர், யூ-100 கிளார்கினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்து இரண்டரை மடங்கு போட்டுவிடுவார். எனக்குத் தோன்றும் எளிய வழி, குப்பியையும் அதற்குரிய சிரிஞ்சுகளையும் ஒரே டப்பாவில் அடைத்து மூடிமேல் மார்க்கரில் பெரிதாக எழுதி, ஆச்சியின் டப்பாவை வேறு தட்டில் வைப்பது. நூறு ரூபாய் மிச்சப்படுத்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போடுவது வேண்டாம். கிளார்கினுக்கு 0.3 மில்லிலிட்டர் கொள்ளும், அரை யூனிட்டுக்கும் கோடு உள்ள சிரிஞ்ச் கிடைத்தால் அதுதான் நல்லது. எல்லாக் கடையிலும் இருக்காது, சொல்லி வரவழைக்க வேண்டும். பூனைக்கு அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அரை யூனிட் அரை யூனிட்டாக, நடுவில் ஒரு வாரமாவது விட்டு, மருத்துவர் சொல்லி நடக்க வேண்டிய காரியம்.

வீணாவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கிளார்கின் பேனாவில் 300 யூனிட். திறந்து 28 நாளில் தூக்கிப் போடு என்கிறது உள்ளே வைத்திருக்கும் காகிதம். நாளுக்கு இரண்டு யூனிட் வீதம் பூனை செலவழிப்பது 56. மீதி 244 யூனிட் குப்பைக்கு. ஃப்ரிட்ஜிலேயே இருந்து தெளிவு குறையாத மருந்தை இன்னும் சில வாரம் நீட்டிக்க அனுமதிக்கும் பூனை மருத்துவர்களும் உண்டு. ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின்.

ஊசி போடுவது பயப்படும் அளவுக்கு இல்லை. பூனை தட்டில் குனிந்திருக்கும்போது விலாப்பக்கத் தோலை இரண்டு விரலால் கூடாரம் போல உயர்த்தி, அடியில் உண்டாகும் குழியில் நுழைத்தால் போதும், பல பூனைகள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. சங்கடம் வேறு இடத்தில். ரோமம் ஈரமாகி மருந்து வாசனை வந்தால், ஊசி தோலை ஊடுருவி மறுபக்கம் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு உள்ளே போனது? தெரியாது. அப்போது மறுபடி போடக் கூடாது. பூனை சாப்பிடாவிட்டால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். அப்பா போட்டாரா அம்மா போட்டாரா என்று சந்தேகம் வந்தாலும் போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு முறை விழுந்தால் பூனையே இல்லாமல் போகலாம். சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளில், போட்டவர் கையெழுத்தோடு நேரத்தைக் குறித்துவிட்டால் இந்தச் சண்டையே வராது.

மீட்டர். ஆச்சியின் மீட்டரைப் பூனைக்கும் பயன்படுத்தலாம், அது சொல்வதை அப்படியே நம்பாத வரை. மனித இரத்தத்தில் சர்க்கரையின் 42 சதவீதம் சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, 58 சதவீதம் பிளாஸ்மாவில். பூனையிடம் சிவப்பணுவுக்குள் இருப்பது வெறும் 7 சதவீதம், 93 சதவீதம் பிளாஸ்மாவில். மனித மீட்டர் முழு இரத்தத்தின் சொட்டைத் தொட்டு, மனிதரின் விகிதத்தை வைத்துப் பெருக்கிச் சொல்கிறது. பூனைச் சொட்டில் அந்தப் பெருக்கல் தப்பு. பொதுவாக உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 70 என்று மின்னும்போது உள்ளே 90-க்கு மேல் இருக்கலாம். விலங்குகளுக்கென்றே அளவு திருத்திய மீட்டர் உண்டு, விலையும் அதற்கேற்றபடி. மனித மீட்டரே போதும் என்றால் அதை மாற்றாமல் ஒன்றையே பயன்படுத்தி, மருத்துவரிடம் எண்ணைச் சொல்லும்போது எந்த மீட்டர் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரத்தம் எடுப்பது காதின் ஓரத்தில். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காது விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய இரத்தக்குழாய் ஓடுவது தெரியும். வெதுவெதுப்பான துணியால் ஒரு நிமிடம் ஒற்றினால் அது விரியும். பின்னால் பஞ்சை வைத்து, இரத்தக்குழாய்க்கும் விளிம்புக்கும் நடுவில் லான்செட்டால் ஒரு குத்து. காதில் முன்பே துளி வாஸ்லின் தடவியிருந்தால் இரத்தம் ரோமத்தில் பரவாமல் மணியாக நிற்கும், பட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, உடனே ஒரு துண்டு வேகவைத்த சிக்கன். ஒரு வாரத்தில் சிக்கனுக்காகப் பூனையே மீட்டர் இருக்கும் இடத்துக்கு வந்து உட்காரத் தொடங்கும். ஊசிக்கு முன் ஒருமுறையும், சர்க்கரை அடிமட்டத்துக்கு வரும் நேரத்தில், அதாவது ஊசி போட்டு நாலிலிருந்து ஆறு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பார்த்தால், மருத்துவமனையில் எடுக்கும் எந்த எண்ணையும்விட அது மதிப்புப் பெறும். இப்போது மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் லிப்ரே சென்சாரையும் பூனையின் முதுகில் ரோமத்தை மழித்து ஒட்டுகிறார்கள். பதினான்கு நாள் என்று கணக்கு. பல பூனைகள் அதற்கு முன்பே பிய்த்துப் போட்டுவிடும்.

சாப்பாட்டில் ஆச்சியின் பத்தியம் பூனைக்குப் பொருந்தாது. ஆச்சிக்குச் சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி என்கிறார்கள், பூனைக்கு இரண்டுமே வேண்டியதில்லை. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லை. சர்க்கரையைப் பிடித்து அடக்கும் குளுக்கோகைனேஸ் கல்லீரலில் மிகக் குறைவு. புரதத்திலிருந்தே தனக்கு வேண்டிய குளுக்கோஸைச் செய்துகொள்ளும். 2005-ல் கண்டறிந்தபடி இனிப்பை உணரும் ஏற்பியே அதற்குப் பழுது, பால்பேடாவுக்கு ஓடி வருவது கொழுப்புக்காகத்தான். சுகர் வந்த பூனையின் கலோரியில் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து கூடாது. பாக்கெட்டில் வரும் உலர்ந்த உருண்டைகள் பலவற்றில் அது முப்பதைத் தாண்டும். உருண்டையாகப் பிடிபடவே மாவு வேண்டும். தயிர்சாதமும் பாலும் வேண்டாம். டிராம்பே கோலிவாடாவிலிருந்து வரும் போம்பில், மாந்தெலி மீன்களை வேகவைத்துக் கொடுத்தால் ஆனந்தமாகத் தின்னும், ஆனால் மீனும் சிக்கனும் மட்டுமே தினசரி உணவானால் கால்சியமும் டாரினும் போதாமல் போகும். டின்னிலோ பவுச்சிலோ வரும் முழுமையான ஈர உணவை அடிப்படையாக வைத்து இவற்றை மேலுக்குச் சேர்ப்பது பாதுகாப்பு. உணவை மாற்றும் வாரத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். பழைய அளவு இன்சுலினே அப்போது அதிகமாகிவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் பூனையின் சாப்பாட்டை மாற்றுவது, சொல்லாமல் இன்சுலினைக் கூட்டுவதற்குச் சமம்.

ஆச்சிக்குக் கிடைக்காத ஒன்று பூனைக்குக் கிடைக்கலாம். கிர்ஸ்டன் ரூம்ப்பும் ஜாக்கி ராண்டும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே அளந்து கிளார்கினைக் கட்டுக்கோப்பாகப் போட்ட பூனைகளில், நோய் தெரிந்த ஆறு மாதத்துக்குள் தொடங்கியவற்றில் 84 சதவீதம் இன்சுலினே தேவைப்படாத நிலைக்கு வந்தன. ஆறு மாதம் தாண்டித் தொடங்கியவற்றில் 35 சதவீதம். சர்க்கரையின் நச்சில் மயங்கிக் கிடந்த பீட்டா செல்கள், அமிலாய்டு மூடிச் செத்துப்போகுமுன் ஓய்வு கிடைத்தால் எழுந்துவிடுகின்றன. எல்லா மருத்துவமனையிலும் இந்த அளவு வெற்றி கிடைப்பதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் நாளுக்குப் பல தடவை காதைக் குத்தியவர்கள். ஆனால் திசை தெளிவு. பார்க்கலாம், பொறுக்கலாம் என்று கழியும் மாதங்கள்தான் வாய்ப்பைத் தின்கின்றன.

கணையம் விழிப்பது யாருக்கும் சொல்லிவிட்டு நடப்பதில்லை. நேற்றுவரை சரியாக இருந்த இரண்டு யூனிட் இன்று அதிகம். மீட்டர் 60-க்குக் கீழே போகும். பூனை தள்ளாடும், கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கும், சில சமயம் வெறிபிடித்தது போலத் தின்னத் தேடும், கடைசியில் வலிப்பு. விழுங்க முடிகிற பூனைக்கு உடனே சாப்பாடு. முடியாததற்குத் தேனையோ குளுக்கோஸ் பொடியைக் குழைத்தோ ஈறில் தேய்த்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், வலிப்பில் இருக்கும்போது விரலை விட்டால் விரல் போய்விடும். இரவு பத்து மணிக்கு எந்த மருத்துவமனை திறந்திருக்கும் என்பதைப் பகலிலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு நேரெதிரான ஆட்களும் உண்டு: ஆறு, எட்டு யூனிட் என்று ஏற்றியும் அசையாத பூனைகள். 1,221 பூனைகளைச் சோதித்து லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரி 2015-ல் வெளியிட்ட ஆய்வு, சுகர் பூனைகளில் ஏறக்குறைய கால்வாசிக்கு மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரப்பதே மூலகாரணமாக இருக்கலாம் என்றது. அப்படிப்பட்ட பூனைக்கு இன்சுலினை ஏற்றிக்கொண்டே போகுமுன் அந்த ஹார்மோன் மிகையைக் காட்டிக்கொடுக்கும் ஐ.ஜி.எஃப்.-1 சோதனை கேட்பது நியாயம்.

மிச்சமிருப்பது ஆச்சியின் மாத்திரை டப்பா. அதில் இருப்பது மெட்ஃபார்மின். இந்தியா முழுக்க விற்கும் கிளைகோமெட்டைத் தயாரிக்கும் யூ.எஸ்.வி. நிறுவனத்தின் தலைமையகம், நாம் தொடங்கிய அதே கோவண்டியில் இருக்கிறது. பூனைகளில் மெட்ஃபார்மினைச் சோதித்துப் பார்த்த சிறு ஆய்வில் பெரும்பாலானவற்றுக்குப் பலிக்கவில்லை. இன்னொரு மாத்திரை தபாக்ளிஃப்ளோசின். 2020-ல் காப்புரிமை முடிந்தபின் இந்தியாவில் விலை சரிந்து வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. சிறுநீரகத்தைச் சர்க்கரையை வெளியே தள்ள வைக்கும் இந்தக் குடும்பத்து மருந்துகளில்தான் பூனைக்குப் புதுவழி திறந்திருக்கிறது. அமெரிக்கா 2022 டிசம்பரில் பெக்சாக்ளிஃப்ளோசினையும், 2023-ல் வெலாக்ளிஃப்ளோசினையும் பூனைகளுக்கென்றே அனுமதித்தது. நாளுக்கு ஒருமுறை வாய்வழி மருந்து, ஊசி இல்லை. அதற்காக ஆச்சியின் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடக் கூடாது. இந்த மருந்து வேலை செய்ய, பூனையின் கணையத்தில் சொந்த இன்சுலின் கொஞ்சமாவது ஊற வேண்டும். ஏற்கெனவே இன்சுலின் ஊசியில் இருக்கும் பூனைக்கு இவற்றைக் கொடுக்கக் கூடாது என்று பெக்சாக்ளிஃப்ளோசினின் பெட்டியிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சொந்த இன்சுலின் வற்றிய பூனை கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தில் மூழ்கும். சர்க்கரைதான் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கிறதே, அதனால் மீட்டர் 120, 130 என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த மாத்திரை தொடங்கிய வீட்டில், பூனை ஒரு வேளை சாப்பிடாமல் சுருண்டு படுத்தாலோ வாந்தி எடுத்தாலோ காதைக் குத்தி நேரத்தை வீணாக்க வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு, சிறுநீரில் கீட்டோன் பட்டையை நனைத்துப் பார்த்துக்கொண்டே டாக்ஸியைக் கூப்பிட வேண்டும்.